சரக்கும் தொப்பையும்: எடை குறைக்க நினைக்கும் நம்ம கரையோரத்து ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

"நடக்கிறேன், ராத்திரி சோற்றைப் பாதியாக்கிவிட்டேன், டீயில் சர்க்கரை போடுவதில்லை, ஆனாலும் வயிறு மட்டும் அப்படியே நிற்கிறது" என்று சொல்லும் ஆண்களை மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வாரத்துக்கு இரண்டு பேரையாவது பார்க்கிறேன். சரக்கு எத்தனை நாள் என்று கேட்டால், "அது எப்பவாவதுண்ணே, வாரத்துக்கு மூணு நாள்தான், அதுவும் ஒரே ஒரு குவார்ட்டர்" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மீன் கமிஷன் கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. பதினைந்து வருடமாக மற்றவர்களுடைய வரவு செலவை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதி வந்தும், என் வாய்க்குள் போவதை ஒருநாள்கூட எழுதிப் பார்க்கவில்லை. 88 கிலோ ஆனதும் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. அப்புறம்தான் எழுத ஆரம்பித்தேன். பத்து மாதத்தில் 77 கிலோவுக்கு வந்தேன். அந்தப் பத்து மாதத்தில் கற்றதைப் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

குடிக்கச் சொல்லித்தரும் கட்டுரை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. விட முடிந்தால் விட்டுவிடுங்கள், எடைக்கும் அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் நாளைக் காலையிலேயே விட்டுவிட எல்லோராலும் முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அவர்களும் இன்றைக்கு ஏதாவது ஓர் இடத்தில் ஆரம்பிக்க வேண்டும் அல்லவா?

ஆரம்பிக்கும் முன்: இது உங்களுக்கான வழிதானா?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

தினமும் குடிப்பவராக இருந்து, காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, ஒரு வாய் ஊற்றினால்தான் நிலைக்கு வருகிறது என்றால், எடை குறைக்கிறேன் என்று திடீரென்று ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். உடம்பு அதற்குப் பழகிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், இல்லாத ஆள் இருப்பது போலத் தெரியலாம், புத்தி தடுமாறலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். "மூணு நாளா குடிக்கல, பேய் பிடிச்ச மாதிரி உளர்றான்" என்று ஊரில் சொல்வார்களே, பல நேரம் அது இதுதான். இதற்கு மருந்து இருக்கிறது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநலப் பிரிவில் விஷயத்தைச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முதலில் போனில் பேசிப் பார்க்க நினைத்தால் 14416 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். போதை விடுவதற்கென்றே 14446 என்ற எண்ணும் இருக்கிறது.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். வெறும் வயிற்றில் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கும். மயங்கி விழுந்தவரைப் பார்த்து, போதையில் கிடக்கிறார் என்று பக்கத்தில் உள்ளவர்கள் விட்டுவிடுவார்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு ஒரு சொட்டும் கூடாது, அதில் பேச்சே இல்லை.

இன்னொன்று. கை கால் குச்சியாக மெலிந்து வயிறு மட்டும் சில வாரத்தில் முட்டிக்கொண்டு வந்தால், பாதம் வீங்கினால், கண் மஞ்சளாக இருந்தால், அதைத் தொப்பை என்று நினைக்காதீர்கள். கல்லீரல் கெட்டு வயிற்றுக்குள் நீர் சேர்வது அப்படித்தான் இருக்கும். நடைப்பயிற்சியால் அது போகாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முதல் வேலை: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் சிட்டை எழுதுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள், போனில் எழுதினாலும் சரி. முதல் வாரம் எதையும் குறைக்க வேண்டாம், வழக்கம்போலவே இருங்கள். வாய்க்குள் போனதை மட்டும், போன நேரத்தோடு, அன்றன்றைக்கே எழுதுங்கள். மறுநாள் எழுதினால் பாதி மறந்துவிடும், மீதிப் பாதியை மனசு மறைத்துவிடும்.

என் முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எங்கள் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும். மறுநாள் காலையில் கரைக்கு வந்து, ஏலம் முடிந்து, கணக்குப் பார்த்து, பங்கு பிரித்துக் கொடுக்கச் சாயங்காலம் ஆகிவிடும். கையில் காசு வரும் நேரமும் களைப்பு உடம்பில் இறங்கும் நேரமும் ஒன்றுதான். அந்தப் பக்கத்தில் இருப்பது இது: ராத்திரி 8.15, பிராந்தி ஒரு குவார்ட்டர். கலக்கக் கால் லிட்டர் கோலா. மிக்சர் ஒரு பொட்டலம், என் பங்கு சுமார் 50 கிராம். இரண்டு முட்டை ஆம்லெட், எண்ணெய் மிதக்க. 10.20, வரும் வழியில் இரண்டு பரோட்டா, சால்னா. அதற்குக் கீழே மறுநாள் காலை: 7.40க்கு எழுந்தது, நடக்கப் போகவில்லை, சர்க்கரை போட்ட டீ இரண்டு, உளுந்த வடை மூன்று.

இதற்குக் கலோரி போட்டுப் பார்த்தேன். பிராந்தி 425 வரும். கோலாவில் நூறு சொச்சம், மிக்சரில் 270 பக்கம், ஆம்லெட்டில் 250, பரோட்டாவும் சால்னாவும் குறைத்துப் போட்டாலும் 650. ஆக மொத்தம் ஏறக்குறைய 1,700. உட்கார்ந்து கணக்கு எழுதும் என்னைப் போன்ற ஆளுக்கு ஒரு முழு நாளைக்கு வேண்டியதில் முக்கால் பங்கு அது. பகலில் சாப்பிட்ட மூன்று வேளையும் இதில் சேரவில்லை. நான் ராத்திரிச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துவிட்டு எடை இறங்கவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பாட்டில் 425தான். மீதி 1,275 பாட்டிலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சரக்கைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பாட்டிலையே பார்க்கிறார்கள், பக்கத்தில் இருக்கும் தட்டையும் மறுநாள் காலையையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதினால்தான் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியும்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது

சுருக்கமாக. மாவுச்சத்தும் புரதமும் ஒரு கிராமுக்கு 4 கலோரி தரும், கொழுப்பு 9 தரும், ஆல்கஹால் 7 தரும். கிட்டத்தட்ட எண்ணெய்க்குப் பக்கத்தில் நிற்கிறது. கடையில் கிடைக்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் பொதுவாக 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் 61 கிராம், அதை ஏழால் பெருக்கினால் 425 கலோரி பக்கம் வரும். ஏழெட்டு இட்லிக்குச் சமம். இட்லி தின்றால் வயிறாவது நிறையும், இது பசியைத்தான் கிளப்பும்.

"பிராந்தியில் சர்க்கரையே கிடையாது, பீர்தான் தொப்பை போடும்" என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. பிராந்தியில் மாவுச்சத்து இல்லைதான், ஆனால் கலோரி ஆல்கஹாலிலேயே இருக்கிறது. 650 மில்லி பீர் பாட்டில், 5 சதவீதம் உள்ளது என்றால் 260 கலோரி பக்கம். ஸ்ட்ராங் என்று 8 சதவீதம் வரை உள்ளதை எடுத்தால் 350ஐத் தாண்டும். வெயிலுக்குக் குளிர்ச்சி என்று மதியத்தில் இரண்டு ஸ்ட்ராங் பீர் குடிப்பவர் 700 கலோரி குடிக்கிறார். குளிர்ச்சியும் இல்லை, அது சிறுநீரை அதிகம் போகவைத்து உடம்பின் தண்ணீரைத்தான் வற்றவைக்கும். நம் ஊர் மே மாத வெயிலில், அதுவும் படகில், அது ஆபத்து.

கொழுப்பு ஏன் கரையாமல் நிற்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

படகு கரைக்கு வந்ததும் என்ன செய்கிறோம்? சீக்கிரம் கெட்டுப்போகும் மீனை முதலில் கையில் எடுக்கிறோம். மற்றது ஐஸ் பெட்டிக்குள் காத்திருக்கும். உடம்பும் அப்படித்தான். சோற்றையும் எண்ணெயையும் சேமித்து வைக்க உடம்பில் இடம் உண்டு, ஆல்கஹாலைச் சேமிக்க இடமே கிடையாது. உடம்புக்கு அது விஷம். ஆகவே அது உள்ளே போன நிமிடத்திலிருந்து கல்லீரல் மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு அதைத்தான் எரிக்கப் பார்க்கும். அது தீரும்வரை கொழுப்பை எரிக்கும் வேலை வெகுவாகக் குறைந்துவிடும். நடுத்தர உடம்புள்ள ஓர் ஆணின் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் சமாளிக்கும். குவார்ட்டரில் இருப்பது 61 கிராம். ராத்திரி ஒன்பதுக்குக் குடித்து முடித்தால் விடியற்காலை மூன்று மணி வரை, சிலருக்கு ஆறு மணி வரைகூட உடம்பு அந்த ஒரு வேலையிலேயே கிடக்கும். அந்த நேரத்தில் உள்ளே வந்த பரோட்டாவின் எண்ணெயும் மிக்சரின் எண்ணெயும் எங்கே போகும்? ஐஸ் பெட்டிக்குத்தான், அதாவது வயிற்றுக்கு.

சரக்கே நேராகக் கொழுப்பாக மாறுவது மிகக் குறைவு. கூட வந்த சாப்பாட்டை எரியவிடாமல் சேமிப்புக்கு அனுப்புவதுதான் அது செய்யும் வேலை. பல வருடம் தொடர்ந்து குடிப்பவர்களுக்குக் கல்லீரலிலேயே கொழுப்பு படியும், அது தனிக் கதை.

"அப்படின்னா அந்த மாமா தினம் குடிக்கிறார், ஓலை மாதிரி இருக்காரே?" என்று என் தம்பி முறை ஒருத்தன் கேட்டான். அவர் சாப்பிடுவதில்லை, அதுதான் காரணம். சரக்கு சோற்றின் இடத்தைப் பிடித்துவிட்டது. கரைந்திருப்பது கொழுப்பு மட்டுமில்லை, தசையும்தான். அந்த மெலிவை யாரும் ஆரோக்கியம் என்று நினைத்துவிடக் கூடாது. சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுத்தால் எடை குறையும் என்று சில இளவட்டங்கள் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

தூக்கமும் இதில் சேரும். குடித்தால் சட்டென்று கண் சொக்கும், அதனால் நல்லாத் தூங்கினேன் என்று தோன்றும். ஆனால் இரண்டு மூன்று மணிக்கு நா வறண்டு விழிப்பு வரும், அதற்குப் பிறகு வருவது துண்டு துண்டான தூக்கம். தூக்கம் கெட்ட மறுநாள் பசி கூடும், அதுவும் இனிப்பும் எண்ணெயுமாகத்தான் கேட்கும். என் நோட்டில் மூன்று வடை வந்தது அந்த வழியாகத்தான். சிட்டையை நான்கு வாரம் புரட்டிப் பார்த்தேன், குடிக்காத நாளுக்கு மறுநாள் காலையில் வடை ஒரு தடவைகூட இல்லை.

குறைக்கும் வரிசை

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் பத்து நாள் தாங்காது. இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் போங்கள். நான் தட்டிலிருந்து ஆரம்பித்தேன், ஏனென்றால் கலோரி அதிகம் இருந்தது அங்கேதான். பழக்கத்தின் பிடி குறைவாக இருந்ததும் அங்கேதான்.

முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு விதி: சாப்பிட்டுவிட்டுத்தான் குடி. ஏழரைக்கு வீட்டில் உட்கார்ந்து மீன் குழம்பும் சோறும், அளவாக ஒரு தட்டு. நம்ம ஊரில் இருக்கும் பெரிய வசதி இது. சூடை, நெத்திலி, காரல், பாறை என்று காசுக்கேற்ற மீன் எந்த நாளும் கிடைக்கும், நூறு கிராம் மீனில் இருபது கிராம் பக்கம் புரதம் இருக்கிறது. குழம்பு மீன் நாலு துண்டு தின்றவனுக்கு ராத்திரி பத்தரைக்குப் பரோட்டா கேட்காது. அதே மீனை எண்ணெயில் முக்கி எடுத்தால் கணக்கு மாறிவிடும், அதனால் வறுவல் வாரத்துக்கு ஒருநாள் போதும். என் வீட்டில் இந்த ஏற்பாட்டைச் சொன்னபோது என் மனைவி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஏழு மணிக்கே குழம்பு அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது.

குடிக்கும்போது வாய்க்கு ஏதாவது வேண்டும் என்றால் அவித்த முட்டை, சுண்டல், வெள்ளரிக்காய், எண்ணெய் அதிகம் இல்லாமல் மிளகு போட்டுப் புரட்டிய கணவாய். வறுத்த நிலக்கடலை நல்ல சாமான்தான், ஆனால் ஐம்பது கிராமிலேயே 290 கலோரி பக்கம் இருக்கிறது, கை நிறுத்தாமல் போய்க்கொண்டே இருக்கும். கருவாடு வறுத்துத் தின்றால் உப்பு தாகத்தைக் கிளப்பும், தாகத்துக்கு இன்னொரு ரவுண்டு போகும்.

மூன்றாம் வாரம் கலப்பது. கோலா, ஜூஸ் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், தண்ணீரோ வெறும் சோடாவோ போதும். இது சுலபமான மாற்றம், இதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கூடவே ஒரு கிளாஸ் சரக்குக்கு ஒரு கிளாஸ் வெறும் தண்ணீர் குடியுங்கள். வேகம் தானாகக் குறையும்.

ஐந்தாம் வாரம்தான் பாட்டில். இங்கே பலரும் தப்பு செய்கிறார்கள். "இனிமே பாதிதான் குடிப்பேன்" என்று சொல்லிவிட்டுக் குவார்ட்டரையே வாங்குவார்கள், மூடியைத் திறந்த பிறகு பாதியில் நிறுத்துவது என்பது நடக்காத காரியம். கொஞ்சம் உள்ளே போனதும் நிறுத்தச் சொல்லும் புத்திதான் முதலில் தளரும். ஆகவே அளவைக் குறைப்பதைவிட நாளைக் குறையுங்கள். மூன்று நாளை இரண்டாக்குங்கள், அப்புறம் ஒன்றாக்குங்கள். எந்த நாள் என்பதை நோட்டில் முன்கூட்டியே எழுதி வையுங்கள். அந்த நாளில் வேண்டுமானால் ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி, இன்னொருவரோடு பிரித்துக்கொண்டு. ஆஃப் பாட்டிலை வீட்டில் வாங்கி வைக்கவே கூடாது. கணக்குப் பார்த்தால் வாரம் மூன்று குவார்ட்டர் என்பது 1,275 கலோரி, மாதத்துக்கு 5,000க்கு மேல். ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பது 7,700 கலோரி. பாட்டில் மட்டுமே மாதத்துக்கு அரை கிலோவுக்கு மேல் தள்ளுகிறது, தட்டு தனி. உடம்பு நோட்டுக் கணக்குப்படி அச்சாக நடக்காதுதான், ஆனால் எந்தப் பக்கம் போகிறது என்பது மாறாது.

குடிக்கும் நேரத்துக்கு வேறு வேலை வைப்பது முக்கியம். எனக்குப் பங்கு பிரிக்கும் சாயங்காலம்தான் கண்டம். கடையை விட்டு வெளியே வந்ததும் காசை முதலில் வீட்டில் கொடுத்துவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு கடற்கரையில் நடக்க ஆரம்பித்தேன். ஆறரையிலிருந்து ஏழேகால் வரை. திரும்பி வந்து சாப்பிட்டால் அதற்குமேல் வெளியே போகச் சோம்பலாக இருக்கும். அந்தச் சோம்பல் எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

காலையில் கூடுதலாக நடந்து சரிக்கட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: 80 கிலோ ஆள் ஒரு குவார்ட்டரின் 425 கலோரியை எரிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் வேகமாக நடக்க வேண்டும். குடித்த மறுநாள் காலையில் அது நடக்காது. நடை வேண்டும், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் அது நல்லது. ஆனால் குடிக்குச் செலுத்தும் தவணையாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கூட்டாளிகளிடம் என்ன சொல்வது

புதுப் படகு இறக்குவது, கல்யாணம், திருவிழா, துக்க வீடு, எல்லாவற்றிலும் ஒரு மறைவில் பாட்டில் இருக்கும். "என்ன மச்சான், எங்ககூட உக்கார மாட்டியா?" என்ற கேள்வி வரும், அதில் கொஞ்சம் உண்மையான வருத்தமும் இருக்கும். நான் முதலில் பொய்க் காரணம் சொல்லிப் பார்த்தேன், ஊசி போட்டிருக்கேன், மாத்திரை சாப்பிடுறேன் என்று. அடுத்த தடவை "மாத்திரை முடிஞ்சுதா?" என்று கேட்டார்கள். அப்புறம் நேராகவே சொன்னேன்: "மாப்ள, வயிறு இறங்கணும், சர்க்கரை வர்ற மாதிரி இருக்கு. உன்கூட உக்காருறேன், எனக்கு சோடா." இரண்டு தடவை கேலி செய்தார்கள். மூன்றாம் தடவை அவர்களே எனக்குச் சோடா வாங்கி வைத்திருந்தார்கள். அதில் ஒருத்தன் தனியாக வந்து, எப்படிண்ணே குறைச்சீங்க என்றும் கேட்டான்.

கேட்டுக் கேட்டு ஊற்றிக் கொடுக்கும் ஆள் யார் என்று உங்களுக்கே தெரியும். முதல் இரண்டு மாதம் அவரோடு டீக்கடையில் மட்டும் சந்தியுங்கள். நட்பு ஒன்றும் குறையாது.

தடைக்காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், நம் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. கடலுக்குப் போகும் ஆட்களுக்கு எடை ஏறுவது பெரும்பாலும் இந்த இரண்டு மாதத்தில்தான். வலை இழுத்த உடம்பு அதே பசியோடு கரையில் உட்கார்ந்திருக்கும். படகு மராமத்து, வலை பின்னல் தவிர வேலை இல்லை, பொழுது போகாமல் மதியத்திலேயே ஆரம்பித்துவிடுவார்கள். கடலில் வேலை செய்யும்போது தின்ற அளவுச் சோற்றைத் தடைக்காலத்தில் மூன்றில் ஒரு பங்காவது குறைக்க வேண்டும். காலை நடையை வெயிலுக்கு முன்னால், ஐந்தரைக்கே முடித்துக்கொள்ள வேண்டும். குடி நாள் வாரத்துக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது என்று ஏப்ரல் 14ஆம் தேதியே நோட்டில் எழுதிவிடுங்கள்.

இது பனைக் காலமும்கூட. சாயல்குடி பக்கமிருந்து நுங்கும் பதநீரும் வரும். சரக்குக்குப் பதில் பதநீர் என்று மாறுகிறவர்கள் இருக்கிறார்கள், மாறுவது நல்லதுதான். ஆனால் பதநீர் முழுக்க இனிப்பு, பெரிய தம்ளர் ஒன்றில் முப்பது கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். எடை குறைப்பவர் எப்போதாவது ஒரு சின்ன தம்ளரோடு நிறுத்திக்கொள்வது நல்லது, சர்க்கரை நோய் உள்ளவர் ஒதுங்கிக்கொள்வது நல்லது. நுங்கு தாராளமாகச் சாப்பிடலாம், பெரும்பகுதி தண்ணீர்தான்.

எடை பார்ப்பது எப்படி

குடித்த மறுநாள் காலையில் எடை பார்த்தால் ஒரு கிலோ குறைந்ததுபோலக் காட்டும். அதைப் பார்த்து ஏமாந்து, குடித்தாலும் குறைகிறதே என்று நினைத்தவர்களை எனக்குத் தெரியும். போனது தண்ணீர். மறுநாள் உப்பும் தண்ணீரும் சேர்ந்து அந்த எடை திரும்பி வரும், சில நேரம் கூடுதலாகவே. அதனால் வாரத்தில் ஒரே நாள், குடி நாளிலிருந்து இரண்டு மூன்று நாள் தள்ளி, காலையில் கழிப்பறை போய்விட்டு, எதுவும் சாப்பிடும் முன் பாருங்கள். என் நாள் வெள்ளிக்கிழமை.

எடையைவிட இடுப்பளவு நம்பிக்கையானது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டுப் பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்க வேண்டாம், அந்த அளவு யாருக்கும் பயன்படாது. நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதற்கு மேல் போனால் சர்க்கரையும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது. நான் ஆரம்பித்தபோது 106. இப்போது 94, இன்னும் வேலை இருக்கிறது.

முதல் மாதம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். எனக்கு முதல் நான்கு வாரத்தில் ஒன்றரை கிலோதான் இறங்கியது. ஆனால் அதற்கு முன்பே தூக்கம் நேராகியிருந்தது, காலையில் நெஞ்செரிச்சல் நின்றிருந்தது, சட்டைப் பட்டன் இழுக்காமல் மாட்டியது. ஐந்தாம் மாதம், மாதத்துக்கு இரண்டு நாள் என்று வந்து நின்ற பிறகு, அந்த இரண்டு நாளுக்கு மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்பது பளிச்சென்று தெரிந்தது. தினமும் சுத்தமாக இருக்கும் முற்றத்தில் ஒருநாள் குப்பை கிடந்தால் கண்ணில் படுமே, அப்படி. அதோடு நானாகவே விட்டுவிட்டேன். உங்களுக்கும் அப்படித்தான் நடக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நடக்கட்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

நடுவில் ஒருநாள் தவறிப்போகும். எனக்கு மூன்றாம் மாதம் ஒரு சம்மாட்டி (படகு முதலாளி) வீட்டுக் கல்யாணத்தில் போனது, குவார்ட்டருக்கு மேலேயே. மறுநாள் அதையும் நோட்டில் எழுதினேன், பிரியாணி, பொரிச்ச கோழி எல்லாவற்றோடும் சேர்த்து. அன்றைக்குப் பட்டினி கிடக்கவில்லை. வழக்கமான சாப்பாடு, நிறையத் தண்ணீர், சாயங்காலம் அதே நடை. பட்டினி கிடந்தால் அடுத்த ராத்திரி பசி வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

மூன்று மாதம் ஆனதும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கள்: சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல். முடிந்தால் ஆரம்பிக்கும் முன்பும் ஒன்று எடுத்து வைத்திருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். அதனால் முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள், அதற்கு முந்தின இரண்டு மூன்று நாள் சரக்கைத் தொடாதீர்கள், நோட்டையும் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.